பொன்னம்மை கொடுத்துவிட்ட பை

கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டுவது மாளவிகாவின் வேலை. கோடை என்பது அவர்கள் கணக்கு. திருவனந்தபுரத்தில் அப்போது மழை கொட்டிக்கொண்டிருக்கும். வழுதக்காட்டில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்த அந்தப் படிப்பு மையத்தில் ஜூன் மாதம் பிறந்தால் நாலைந்து நாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். பொது சுகாதாரம்தான் பாடம். காலையில் வகுப்பு இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே எங்காவது அழைத்துப் போவார்கள். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், மீனவர் குப்பம், மலைத் தோட்டம். அதற்கு வண்டி பேசுவது, சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பது, வனத்துறையிடம் அனுமதி வாங்குவது, போன இடத்தில் இங்கிலீஷையும் தமிழையும் மலையாளத்தையும் மாற்றி மாற்றிப் பேசிக்கொடுப்பது எல்லாம் மாளவிகாவின் தலையில் விழும்.

கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் தடையில்லாமல் பேசுவாள். நாலைந்து வருஷமாக இதையே செய்து வருவதில் அவளுக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. எதுவும் நடக்காமல் திரும்பி வந்தால் அதுதான் நல்ல பயணம். ஒருவருக்கும் வயிறு கெடக்கூடாது, ஒருவரும் வழி தவறக்கூடாது, யாரும் யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளவும் கூடாது. இவ்வளவும் சரியாக நடந்துவிட்டால் அன்று மாலை கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த வருஷம் வந்தவர்களில் சரோஷ்ணி கவெண்டர் என்று ஒரு பெண் இருந்தாள். தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரி. அவளுடைய மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்கள். கோவிந்தர் என்ற பெயர்தான் அங்கே கவெண்டர் ஆகியிருந்தது. ஐந்து தலைமுறை போன பிறகு வீட்டில் தமிழ் இல்லை. சாப்பாட்டுப் பெயர்களும், உறவுமுறைகளும், ‘சரி’ என்ற ஒரு சொல்லும் மட்டும் அவளிடம் மிஞ்சியிருந்தன. ஆனால் முகத்தைப் பார்த்தால் நாகர்கோவில் பக்கத்துப் பெண் என்று யாரும் அடித்துச் சொல்வார்கள்.

இதனால் போகிற இடத்திலெல்லாம் குழப்பம் வந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது ஒரு வாழைப்பழக் கடைக்காரர் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு சரோஷ்ணியிடம், இவர்களெல்லாம் எந்த நாடு, எத்தனை நாள் தங்குவார்கள் என்று மலையாளத்தில் விசாரித்தார். அவள் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து, இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்ன கர்வம் என்று முணுமுணுத்துக்கொண்டார். மற்றவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் சரோஷ்ணியை மட்டும் செருப்பைத் தள்ளிப் போடு, வழியை விட்டு நில் என்று அதட்டினார்கள். அவள் கோபப்படவில்லை. என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, ‘சரி’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கப் பழகிக்கொண்டாள். அதை மாளவிகா கவனித்தாள். ஆனால் அதனால் வம்பு எதுவும் வரவில்லை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் போனக்காட்டுக்குப் போனார்கள். விதுரை தாண்டி, காட்டுச் செக்போஸ்டில் பெயர் கொடுத்து, வளைந்து வளைந்து ஏறவேண்டிய தேயிலைத் தோட்டம் அது. அங்கே வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்டவர்கள் தமிழர்கள். லயம் என்று சொல்லும், வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் குடியிருக்கிறார்கள். முந்தின வாரம் பெய்த மழையில் ஒரு வளைவில் மண் சரிந்திருந்தது. ஜெபசிங் ஓட்டிய சின்ன வேன் ஓரமாக நுழைந்து போய்விட்டது. ஆனால் பஸ் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு மூன்று நாளாகக் கீழேயே நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

மேலே போனதும் அங்கன்வாடியில் உட்கார்ந்தார்கள். அங்கன்வாடி டீச்சரும், வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளரான ஆஷா வர்க்கரும் பேசப் பேச மாளவிகா இங்கிலீஷில் சொன்னாள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். தடுப்பூசி, குடிதண்ணீர், அட்டைக் கடி, பிரசவத்துக்கு எங்கே போவார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் வருகிற கேள்விகள்தான். மாளவிகாவுக்குப் பதில் பாதி மனப்பாடம். டீச்சர் வாயைத் திறக்குமுன்பே இங்கிலீஷ் வாக்கியம் அவள் நாக்கில் வந்து நிற்கும்.

அறைக்குள்ளே புழுக்கமாக இருந்ததால் சரோஷ்ணி எழுந்து வெளியே போயிருந்தாள். அதை மாளவிகா பார்க்கவில்லை. திரும்பிப் புறப்படும்போது தலைகளை எண்ணினாள், சரியாக இருந்தது. வேன் இறங்கத் தொடங்கி நாலைந்து வளைவு தாண்டிய பிறகுதான் சரோஷ்ணியின் மடியில் ஒரு மஞ்சள் ஜவுளிக்கடைப் பை இருப்பதைக் கண்டாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எதையோ தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள் சரோஷ்ணி.

யாரிடமும் பரிசு வாங்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறதே என்று மாளவிகா கேட்டாள். இது பரிசு இல்லை என்று நினைக்கிறேன் என்றாள் சரோஷ்ணி. பிறகு நடந்ததைச் சொன்னாள். லயத்து இறவாரத்தின் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு அம்மா வந்தார். முதலில் ஏதோ கேட்டார். இவள் வழக்கம்போல ‘சரி’ என்றாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் இந்தப் பையைக் கொண்டுவந்து கையில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் பேசினார். பேசப் பேச இவளும் ‘சரி, சரி’ என்றுகொண்டே இருந்தாள். எனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல நினைத்தபோது நேரம் கடந்துவிட்டது, அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாளவிகாவுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. பையை வாங்கிப் பார்த்தாள். மேலே ஒரு பாட்டில் காட்டுத்தேன். அதன்கீழே காகிதத்தில் பொதிந்த வசம்பு, கறுப்பு மணி கோத்த ஒரு சின்னக் கைக்கயிறு. அடியில், பழைய நூல் சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தன. பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று பார்த்ததும் தெரிந்தது. மாளவிகாவின் எரிச்சல் அடங்கிவிட்டது.

யாருக்கு என்று சொன்னாரா, எந்த இடம் என்றாவது சொன்னாரா என்று கேட்டாள். சரோஷ்ணி கண்ணை மூடி, காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தாள். நீது என்றார். பலமுறை நீது என்றார். அப்புறம் ‘தாய்காட்டு’ என்பதுபோல ஒன்று. தாயைக் காட்டு என்று யாராவது சொல்வார்களா என்று மாளவிகா குழம்பினாள்.

முன்னாலிருந்து ஜெபசிங் திரும்பாமலே சொன்னார். “தைக்காடாக்கும் மேடம். தைக்காட்டு ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு அங்கதானே போவா.”

திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வரலாமா என்று மாளவிகா யோசித்தாள். மலைமேல் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. சரிந்த வளைவில் இன்னொரு தடவை ஏறுவது சரியில்லை என்றார் ஜெபசிங். லயத்தில் போன் எடுக்காது. ஆஷா வர்க்கருக்குப் போட்டுப் பார்த்தாள், மணியே அடிக்கவில்லை. வேன் விதுரையை நோக்கி இறங்கியது.

சாயங்காலம் மையத்தின் தலைவர் கல்யாணராமனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரிட்டயரான பேராசிரியர், கரமனைக்காரர்தான். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதன் பெற்றோருக்கு முன்னால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

“பையை நீ கொண்டு குடுத்துடு, மாளவிகா” என்றார். “அந்தப் பொண்ணை அழைச்சுண்டு போகாண்டாம், கேட்டியா. ஆஸ்பத்திரி விசிட் நம்ம பேப்பர்லயே இல்லை. இன்ஃபெக்‌ஷன் அது இதுன்னு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆர் பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று மாளவிகா நினைத்தாள். மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் சரோஷ்ணியைத் தனியே கூப்பிட்டு, பையைத் தந்தால் தானே கொண்டு கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். சரோஷ்ணி பையைக் கொண்டு வந்திருந்தாள். ஆனால் நீட்டவில்லை.

“அந்த அம்மா இதை மையத்திடம் தரவில்லை, என்னிடம் தந்தார்” என்றாள். “புரியாமல்தான் ஒத்துக்கொண்டேன். ஆனாலும் ஒத்துக்கொண்டது நான்தானே.”

இந்த மூன்று வாரத்தில் அவள் எதற்காவது மறுத்துப் பேசி மாளவிகா கேட்டது அதுதான் முதல் தடவை. மாளவிகா வகுப்பு முழுவதும் பின்வரிசையில் உட்கார்ந்து யோசித்தாள். சொன்னதை மீறுவது அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தப் பெண் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் கையைப் பிடித்துக் கொடுத்த பொருளை இன்னொருவர் மூலம் அனுப்பிவிட்டு மறந்துபோவது அவ்வளவு சரியாகப் படவில்லை. வகுப்பு முடிந்ததும், மத்தியானத்துக்குமேல் பிள்ளைகளின் நேரம் அவர்களுடையது, நீ எங்கே போனாலும் நான் கேட்க முடியாது, வழி தெரியாது என்றால் கூட வருகிறேன் என்றாள். சரோஷ்ணி சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு குடையோடு தைக்காட்டுக்கு நடந்தே போனார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பார்வை நேரத்துக் கூட்டம். சீட்டு கொடுக்கிற இடத்தில் ஒரு செக்யூரிட்டி அம்மா உட்கார்ந்திருந்தார். போனக்காட்டு நீது என்று மாளவிகா சொன்னதும் உள்ளே போன் போட்டுக் கேட்டார். இருக்கிறாள், பிரஷர் ஏறியதால் சேர்த்திருக்கிறார்கள், கூட இருக்க ஆள் இல்லாமல் நர்ஸுகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஒருத்தர்தான் உள்ளே போகலாம். அவர் மாளவிகாவைப் பார்க்கவே இல்லை. சரோஷ்ணியின் முகத்தையும் கையிலிருந்த பையையும் பார்த்து, “அனியத்தியாணோ?” என்று கேட்டார்.

தங்கையா என்று கேட்கிறார் என்பது சரோஷ்ணிக்குப் புரியவில்லை. அவள் மாளவிகாவைத் திரும்பிப் பார்த்தாள். மொழி தெரிந்த தான் போவதுதான் முறை என்று சொல்ல மாளவிகா வாயெடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, வீட்டிலிருந்து வருகிறாள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டாள். பை வீட்டிலிருந்து வந்ததுதானே, அது பொய்யில்லை என்று சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சரோஷ்ணி சீட்டை வாங்கிக்கொண்டு படியேறிப் போனாள். மாளவிகா எதிரே இருந்த சாயாக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்றாள். ஒரு சாயா குடித்தாள். மழை வலுத்தது. உள்ளே என்ன பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரியாமல் நிற்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. யாராவது பேசுகிற இடத்தில் எப்போதும் நடுவில் நிற்பவள் அவள். இரண்டாவது சாயாவும் குடித்தாள். கல்யாணராமன் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை.

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தபோது சரோஷ்ணி வெறுங்கையோடு வெளியே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு ஒரு சாயா வேண்டும் என்றாள். அதைக் குடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

நீது தம்பானூரில் ஒரு ஓட்டலில் பில் போடுகிறவள். கௌண்டரில் பேசுகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும், அது போதுமானதாக இருந்தது. புருஷன் ஹரிகுமார் லாரி ஓட்டுகிறவன். மங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான். அம்மா பெயர் பொன்னம்மை. அப்பாவுக்குக் கால் முறிந்து பிளாஸ்டர் போட்டிருப்பதாலும் பஸ் ஓடாததாலும் அம்மாவால் உடனே இறங்கி வர முடியவில்லை. பையைப் பிரித்ததும் நீது தேனையோ வசம்பையோ பார்க்கவில்லை. துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அடுப்புப்புகை வாசனை அடிக்கிறது, எங்கள் வீட்டு வாசனை என்றாள். அப்புறம், அம்மா என்ன சொல்லிவிட்டாள் என்று கேட்டாள்.

“எனக்கு எதுவும் புரியவில்லை என்று சொன்னேன்” என்றாள் சரோஷ்ணி. “நிறையப் பேசினார், ஒரு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று சொல்லி, அதை மட்டும் சொல்லிக் காட்டினேன்.”

“என்ன வார்த்தை?”

“பயப்படாண்டாம்.”

உச்சரிப்பு கொஞ்சம் இடறியது. ஆனாலும் தெளிவாகத்தான் இருந்தது. நீது அதைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாளாம். பிறகும் ஒரு தடவை. அர்த்தம் என்ன என்று கேட்க சரோஷ்ணிக்குத் தயக்கமாக இருந்ததாம்.

பயப்பட வேண்டாம் என்று அர்த்தம் என்றாள் மாளவிகா. நேற்று வேனிலேயே இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும் கேட்டாள்.

“யாருக்கு, எந்த இடம் என்று கேட்டாய். அதைச் சொன்னேன்” என்றாள் சரோஷ்ணி. குற்றம் சொல்கிற குரலில் அல்ல. சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மறந்துவிடக்கூடாது என்று ராத்திரி முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தேன்” என்றாள்.

நேற்று அங்கன்வாடியில் டீச்சர் முடிக்குமுன்பே தான் முடித்துவைத்த வாக்கியங்கள் மாளவிகாவுக்கு நினைவு வந்தன. அவற்றில் எத்தனை டீச்சர் சொன்னவை, எத்தனை தான் போன வருஷம் சொன்னவை என்று அவளுக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

அன்று மாலையே கல்யாணராமனிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நின்றாள். “மாஸ்க் போட்டுண்டுதானே போனா?” என்றார். ஆமாம் என்றாள். “ஆகட்டும். அந்த நீதுவுக்கு ராத்திரி கூட இருக்கறதுக்கு ஆள் உண்டா இல்லையா, அதைக் கேட்டியோ?” அவள் கேட்கவில்லை. அவரே தெரிந்த ஒரு டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். ஹரிகுமார் சாயங்காலம் வந்து சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தது.

சனிக்கிழமை நீதுவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்றுதான் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஹரிகுமார் அனுப்பிய படம் சரோஷ்ணியின் போனுக்கு வந்தபோது மாளவிகாவும் சரோஷ்ணியும் அரண்மனையின் நீண்ட சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பூமொட்டு மாதிரி ஒரு முகம், அதைச் சுற்றிப் பழைய சேலைத் துணி. மற்றப் பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கைடு பேசி முடிக்கும்வரை ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஓடத் தொடங்கியதும் பொன்னம்மை வந்துவிட்டாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்பதாக நீது சொல்லியனுப்ப, இரண்டு பேரும் போனார்கள். அதற்குள் நீதுவை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இந்தத் தடவை இருவரையும் உள்ளே விட்டார்கள். பொன்னம்மை கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தையின் காலை நீவிக்கொண்டிருந்தாள். ஒடிசலான, நிமிர்ந்த பெண். சரோஷ்ணியைக் கண்டதும் எழுந்து வந்து கன்னத்தைத் தடவினாள்.

“மோளு நீது சொன்னா, உனக்குத் தமிழே தெரியாதாமே? நான் அவ்வளவும் சொன்னேனே பிள்ளே. அவரு கால் ஒடிஞ்ச கதை, பஸ் வராத கதை, எல்லாம். ஒண்ணும் மனசிலாகல்லியா?”

மாளவிகா மாற்றிச் சொன்னாள், ஒரு சொல்லும் விடாமல். சரோஷ்ணி தலையைக் குனிந்து, மன்னிக்க வேண்டும் என்றாள்.

“பின்னே டவுனுக்குப் போறியான்னு கேட்டதுக்கு எதுக்கு சரி சரின்னே?”

சரோஷ்ணி நிமிர்ந்து பொன்னம்மையைப் பார்த்தாள். இங்கே எல்லோரும் என்னை அதட்டித்தான் பேசியிருக்கிறார்கள், நீங்கள்தான் என்னை நம்பிப் பேசினீர்கள், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்றாள். அதை மாளவிகா தமிழில் சொல்லி முடித்தபோது பொன்னம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் தோட்டத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளை மகள்னுல்லா நெனச்சேன்” என்றாள். “அவளும் இதே மாதிரிதான், வாயே திறக்கமாட்டா.”

நீது கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். வயிற்றுத் தையல் இழுக்க, “அம்மே, நிறுத்தம்மே” என்றாள். பொன்னம்மை குழந்தையைத் தூக்கி சரோஷ்ணியின் கைகளில் வைத்து, கழுத்துக்குக் கீழே எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவள் விரல்களை நகர்த்திக் காட்டினாள். அதற்கு மாளவிகா ஒன்றும் மாற்றிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. குழந்தையின் மணிக்கட்டில் கறுப்பு மணிக் கயிறு தளர்வாகத் தொங்கியது.

ஜூலை நடுவில் பாடம் முடிந்து பிள்ளைகள் கிளம்பினார்கள். சரோஷ்ணி நீது வேலை செய்கிற தம்பானூர் ஓட்டலுக்குப் போய், ஹரிகுமார் வந்தால் கொடுக்கும்படி ஒரு சின்னப் பொதியை விட்டுப்போனாள். உள்ளே குழந்தைக்கு ஒரு தொப்பி. டர்பன் போனபிறகும் மாளவிகாவுக்குச் செய்தி அனுப்பினாள். அங்கே ஒரு தமிழ் வகுப்பு இருக்கிறதாம், சேர்ந்திருக்கிறாளாம், வகுப்பில் எல்லோரும் எட்டு வயதுப் பிள்ளைகளாம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீது குழந்தையோடு மலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டு, மாளவிகா தம்பானூரிலிருந்து போனக்காட்டு பஸ்ஸில் ஏறினாள். மழை விட்டிருந்தது. பஸ் கடைசி நிறுத்தத்தில் அவளையும் வேறு இரண்டு பேரையும் இறக்கிவிட்டது. இத்தனை வருஷம் வந்திருக்கிறாள், லயத்துக்குள் ஒரு வீட்டிலும் நுழைந்ததில்லை. பொன்னம்மையின் வீடு எது என்று கேட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

பொன்னம்மையின் புருஷன் திரவியம் வாசலில் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டர் எடுத்த கால் மெலிந்து வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, பின்னால் வேன் வருகிறதா என்று பாதையை எட்டிப் பார்த்தார்.

“பிள்ளையளு வரல்லியா?”

“இல்லை. நான் மட்டும்தான் வந்தேன்.”

அவர் காலை மெல்ல மடக்கிக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டார். உள்ளே குழந்தை அழுதது, மரச்சீனிக் கிழங்கு வேகிற வாசனை வந்தது. மாளவிகா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.